ஒரு பலூன், பதினோரு விநாடி

பாதுகாப்புக் காவலர் ஒருவர் கையில் ஊதிய பலூனோடு நிற்கிறார். இடம் இஸ்தான்புல் நகரின் ஹாகியா சோஃபியா. ஆண்டு 2010. அந்தக் கட்டடம் அப்போது அருங்காட்சியகம். உள்ளே யாரும் பாடக் கூடாது என்பது விதி. பாட்டுக்குத்தான் தடை, பலூனுக்கு எப்படியோ அனுமதி கிடைத்துவிட்டது. காவலர் அதை உடைக்கிறார். 'பட்' என்ற சத்தம் பிறந்து முடியக் கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. ஆனால் கட்டடம் அதை விடுவதாக இல்லை. பளிங்குச் சுவரில் மோதி, தூணில் மோதி, மேலே குவிமாடம் வரை போய்த் திரும்பி, மெல்ல மெல்லத் தேய்ந்து அந்தச் சத்தம் அடங்க ஏறத்தாழ 11 விநாடி ஆனது.

உடைக்கச் சொன்னவர் பிஸ்ஸேரா பெஞ்செவா. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கலை வரலாற்றுப் பேராசிரியர். பைசாந்தியக் கலை அவருடைய துறை. ஹாகியா சோஃபியாவின் மொசைக்கைப் பற்றியும் வெளிச்சத்தைப் பற்றியும் எழுதாத கலை வரலாற்றாசிரியர் கிடையாது. பெஞ்செவா கேட்டது வேறு கேள்வி: இந்தக் கட்டடம் காதுக்கு எப்படி இருந்தது? அதே பல்கலைக்கழகத்தில் ஒலியியல் ஆராயும் ஜானதன் ஏபல் அவரோடு சேர்ந்துகொண்டார். திட்டத்துக்கு 'ஐகான்ஸ் ஆஃப் சவுண்ட்' என்று பெயர்.

பழைய கட்டடங்களை நாம் கண்ணுக்காக மட்டுமே காப்பாற்றி வருகிறோம் என்பது என் கட்சி. உதிர்ந்த காரையைப் பூசுகிறோம், மங்கிய ஓவியத்தைத் துடைக்கிறோம், ஒவ்வொரு மூலையையும் படம் எடுத்து வைக்கிறோம். அதன் குரல் என்ன ஆயிற்று என்று கேட்பவர் குறைவு. அருங்காட்சியகங்களில் இன்று ஒலிக்குப் பெரும் பணம் செலவாகிறது, உண்மைதான். அதில் ஒரு பகுதி, அந்த இடத்துக்குச் சொந்தமில்லாத சத்தத்தைக் கொண்டுவந்து கொட்டுவதற்கே போகிறது.

ஹாகியா சோஃபியாவை ஜஸ்டினியன் பேரரசர் தேவாலயமாக 532-இல் தொடங்கி 537-இல் கட்டி முடித்தார். பின்னாளில் அது மசூதியாகவும் இருந்தது. தரையிலிருந்து குவிமாடத்தின் உச்சி சுமார் 55 மீட்டர். உள்ளே அடைபட்டிருக்கும் காற்று மட்டும் இரண்டரை லட்சம் கன மீட்டர். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். 11 விநாடியில் மூன்றே முக்கால் கிலோமீட்டர். அதாவது காவலர் உடைத்த பலூனின் சத்தம், நான்கு சுவருக்குள்ளேயே மூன்றே முக்கால் கிலோமீட்டர் நடந்துவிட்டுத்தான் ஓய்ந்திருக்கிறது. நம் வீட்டுக் கூடத்தில் இதே சத்தம் அரை விநாடியில் அடங்கிவிடும். நல்ல கச்சேரி அரங்கத்தில் இரண்டு விநாடி.

இதை எதிரொலி என்று நினைத்துவிடக் கூடாது. மலைமுன் நின்று 'ஓய்' என்றால் சற்று நேரம் கழித்து இன்னொரு 'ஓய்' தனியாகத் திரும்பி வரும், அது எதிரொலி. ஆயிரக்கணக்கான எதிரொலிகள் ஒன்றோடொன்று இடைவெளியில்லாமல் நெருங்கி வந்தால் காதால் பிரித்தறிய முடியாது. ஒரே ஒலி நீண்டு தேய்வதாகத்தான் கேட்கும். பள்ளிப் பாடநூல் இதை எதிர்முழக்கம் என்கிறது. பாட்டுக்காரர்கள் பாஷையில் சொன்னால், கட்டடமே பிடிக்கும் கார்வை.

இந்தக் கார்வையை முதன்முதலில் அளந்த கதை ஓர் அருங்காட்சியகத்தில்தான் நடந்தது. 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஃபாக் கலை அருங்காட்சியகத்தைத் திறந்தது. அதன் சொற்பொழிவு அறையில் பேராசிரியர் பேசுவது ஒருவருக்கும் புரியவில்லை. ஒரு சொல் ஐந்தரை விநாடிக்கு மேல் அறைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் இன்னும் பத்துப் பன்னிரண்டு சொற்கள் வந்து ஏறிக்கொள்ளும். பல்கலைக்கழகத் தலைவர் எலியட், வாலஸ் சபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரைக் கூப்பிட்டு 'ஏதாவது செய்யுங்கள்' என்றார். சபினுக்கு அப்போது வயது 27.

சபினிடம் இருந்தவை ஓர் ஆர்கன் குழல், ஒரு கடிகாரம், இரண்டு காது. ஊர் அடங்கிய பிறகு நள்ளிரவில் வேலை. அருகில் இருந்த சாண்டர்ஸ் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து அடுக்குவார்கள். குழலை ஒலித்து நிறுத்தி, சத்தம் எத்தனை விநாடியில் மறைகிறது என்று குறித்துக்கொள்வார்கள். விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய்ப் போட வேண்டும். மெத்தை கூடக்கூடச் சத்தம் சீக்கிரம் செத்தது. ஒரு கட்டத்தில், தான் போட்டிருக்கும் உடையே கணக்கைக் கெடுக்கிறது என்பதைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு ஒவ்வொரு சோதனைக்கும் அதே கோட்டு, அதே கால்சட்டை. இப்படி வந்ததுதான் இன்றுவரை எல்லாரும் பயன்படுத்தும் சூத்திரம்: அறை பெரிதானால் கார்வை நீளும், ஒலியை விழுங்கும் பொருள் கூடினால் குறையும். பளிங்கு ஒலியை ஏறத்தாழ விழுங்குவதே இல்லை. துணி, கம்பளம், மனித உடம்பு நன்றாக விழுங்கும். கல்யாண மண்டபத்தில் பந்திக்கு எல்லாரும் எழுந்து போன பிறகு நாகஸ்வரம் திடீரென்று பெரிதாகக் கேட்பதற்கு இதுவே காரணம்.

பலூனுக்கு வருவோம். ஒரு வெடிச் சத்தத்தை வைத்து என்ன செய்ய முடியும்? குளத்தில் ஒரு கூழாங்கல்லைப் போடுங்கள். வளையங்கள் விரிந்து கரையில் மோதி, திரும்பி, ஒன்றை ஒன்று கடந்து கடைசியில் அடங்கும். அந்தக் குளத்தின் வடிவம், ஆழம், கரை எல்லாம் அந்த அலைக்கோலத்தில் இருக்கிறது. ஒரு கல்லுக்குக் குளம் என்ன செய்யும் என்று முழுதாகத் தெரிந்துவிட்டால், பத்துக் கல்லுக்கு என்ன செய்யும் என்பதைக் கூட்டிக் கணக்கிட்டுவிடலாம். பாட்டு என்பது கல்மழை. குறுந்தகட்டுத் தரத்தில் ஒலிப்பதிவு செய்தால் ஒரு விநாடிக்கு 44,100 கற்கள். ஒரு நிமிடப் பாட்டுக்கு 26 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு கல்லுக்கும் 11 விநாடி நீளமுள்ள ஓர் அலைக்கோலத்தை வரைந்து, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்ட வேண்டும். நேரடியாகச் செய்தால் ஒரு லட்சம் கோடிப் பெருக்கல்களுக்கு மேல். ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்துப் பெருக்கும் ஒரு குறுக்குவழி இருப்பதால், இன்றைய கணினி இதைப் பாடப்பாடவே செய்துவிடுகிறது.

கப்பெல்லா ரொமானா என்ற அமெரிக்கப் பாடகர் குழு பைசாந்தியப் பாடல்களில் தேர்ந்தது. அவர்கள் ஸ்டான்ஃபோர்டில் பாடினார்கள். கணினி அந்தப் பாட்டை ஹாகியா சோஃபியாவின் காற்றில் போட்டுத் திருப்பித் தந்தது. பாடுபவர்களின் காதுக்கே அந்தக் கட்டடம் கேட்டதால் அவர்கள் பாடும் விதமே மாறியது. நடை மெதுவானது. வேகமாகப் பாடினால் ஒரு சொல் இன்னொன்றின் தோளில் ஏறிக்கொள்ளும், வேறு வழியில்லை. அந்தப் பாடல்களில் ஓர் அசையை நீட்டி நீட்டிப் பல சுரங்களில் இழைப்பார்கள். கீழே ஒரு குரல் அசையாமல் ஒரே சுருதியைப் பிடித்து நிற்கும். நாகஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்து ஊதுபவரை நினைத்துக்கொள்ளுங்கள், அதே வேலை. ஏன் இப்படி ஒரு பாட்டு முறை என்று ஏட்டில் படித்தபோது எழுந்த கேள்விக்குக் கட்டடம் ஒரு பதில் சொன்னது. 11 விநாடி கார்வை உள்ள இடத்தில், பாடி முடித்த சுரமும் பாடிக்கொண்டிருக்கும் சுரமும் ஒரே நேரத்தில் காற்றில் இருக்கும். ஒற்றை இழைப் பாட்டு தன் பழைய நிழல்களோடு தானே சேர்ந்து பாடும். 2019-இல் இந்தப் பாடல்கள் 'ஹாகியா சோஃபியாவின் தொலைந்த குரல்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் இசைத்தட்டாக வந்தன. கட்டாயம் கேளுங்கள், காதொலிப்பானில், விளக்கை அணைத்துவிட்டு.

குவிமாடம் என்றதும் நம் ஆள் ஒருவர் ஞாபகத்துக்கு வருகிறார். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1921-இல் முதன்முறையாக இங்கிலாந்து போனபோது, லண்டன் செயின்ட் பால் தேவாலயக் குவிமாடத்தின் அடியில், சுவரோரம் கிசுகிசுத்தால் எதிர்ப்புறம் கேட்கும் குசுகுசு மாடத்தில் சோதனை செய்து, சதர்லாண்ட் என்பவரோடு சேர்ந்து கட்டுரை எழுதினார். அந்தப் பயணத்தில் பார்த்த கடலின் நீலம் பேர் வாங்கிவிட்டது; மாடத்தின் குசுகுசுப்பை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

கட்டடம் பாழாகிக் கிடந்தால்? அதற்கும் வழி இருக்கிறது. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சில் இன்று பல கற்கள் விழுந்துவிட்டன, பல காணாமலே போய்விட்டன. பக்கத்துச் சாலையின் வண்டிச் சத்தம் வேறு. சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டிரெவர் காக்ஸ் குழு, 4,000 ஆண்டுகளுக்கு முன்பு அது முழுதாக இருந்த நிலையை 157 கற்களோடு பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் வார்த்தது. மாதிரி பன்னிரண்டு மடங்கு சிறியது என்பதால் ஒலியின் அலைநீளமும் பன்னிரண்டு மடங்கு சிறியதாக வேண்டும். எனவே அதிர்வெண்ணைப் பன்னிரண்டு மடங்கு ஏற்றி, மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி அளந்தார்கள். கூரையே இல்லாத அந்த வட்டத்துக்குள் கார்வை 0.6 விநாடி இருந்தது. உள்ளே பேசியது உள்ளே இருப்பவர்களுக்குத் தெளிவாகக் கேட்டிருக்கும். வட்டத்துக்கு வெளியே நின்றவர்களுக்கு அவ்வளவாகப் போய்ச் சேர்ந்திருக்காது. அங்கே நடந்தது யாருக்காக நடந்தது என்ற கேள்விக்கு இது ஒரு நல்ல துப்பு.

பெரு நாட்டு மலைகளில், கடல்மட்டத்துக்கு 3,000 மீட்டருக்கு மேலே சாவின் டி ஹுவாந்தர் என்ற பழங்கோயில். அங்கே 2001-இல் இருபது சங்குகள் கிடைத்தன. வாய் வைத்து ஊதுவதற்காக நுனி வெட்டி, ஊதி ஊதித் தேய்ந்த சங்குகள். மிரியம் கோலார் என்ற ஆய்வாளர் அந்தக் கோயிலின் இருண்ட சுரங்கப் பாதைகளை அளந்தார். உள்ளே இருக்கும் கல்தெய்வத்தையும் வெளி முற்றத்தையும் இணைக்கும் கல் துவாரங்கள், சங்கொலியின் அதிர்வெண்களைத்தான் நன்றாகக் கடத்துகின்றன. சங்கின் வேலை இன்னதென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவையெல்லாம் ஆராய்ச்சி. டிக்கெட் வாங்கி உள்ளே போகும் ஆளுக்கு என்ன கிடைக்கிறது?

வரலாற்று இடங்களில் ஒலியைக் காட்சியாக்கும் வழக்கம் 1952-இல் பிரான்சின் ஷம்போர் கோட்டையில் தொடங்கியது. அந்தக் கோட்டையைப் பராமரித்த பால் ராபர்ட்-ஹூதான் இருட்டிய பிறகு சுவர்மேல் விளக்கடித்து, ஒலிபெருக்கியில் குரலும் இசையும் சேர்த்தார். அங்கிருந்து அது எகிப்தின் பிரமிடுக்குப் போனது, டெல்லி செங்கோட்டைக்கு வந்தது, மதுரை திருமலை நாயக்கர் மகாலுக்கும் வந்தது. மகாலின் பெருந்தூண்களுக்கு நடுவே உட்கார்ந்து சிலப்பதிகாரக் கதையைக் கேட்டவர்கள் பல தலைமுறை. நல்ல ஒலி நாடகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே கட்டடம் பேசவில்லை, கட்டடம் திரைச்சீலை. அதே நாடகத்தை வேறொரு முற்றத்தில் போட்டாலும் அப்படியேதான் கேட்கும்.

இதைவிட மோசமும் பார்த்திருக்கிறேன். ஓர் அருங்காட்சியகம், பெயர் வேண்டாம். சிற்பக் கூடத்தில் கூரை ஒலிபெருக்கியிலிருந்து ஒரு புல்லாங்குழல். மூன்று நிமிடம் ஓடி முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. பக்கத்து அறையிலிருந்து ஆவணப்படத்தின் வர்ணனை வேறு கசிந்து வந்து புல்லாங்குழலோடு மல்லுக்கு நின்றது. வாசலில் இருந்த காவல்காரரிடம், "எப்பவும் இதுதான் ஓடுமா?" என்று கேட்டேன். "காலைல ஒம்பது மணிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இதேதான் சார். வீட்ல போய்ப் படுத்தாலும் காதுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு," என்றார். பார்வையாளர் பத்து நிமிடத்தில் போய்விடுவார். காவல்காரர் எங்கே போவார்? ஒலி அமைப்பாளர்கள் முதலில் பேச வேண்டிய ஆள் அந்தக் காவல்காரர்தான்.

நல்லதற்கும் உதாரணம் உண்டு. நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் கிளையான 'தி க்ளாய்ஸ்டர்ஸ்', இடைக்காலக் கலைக்கான இடம். அங்கே ஸ்பெயினிலிருந்து கல் கல்லாகக் கொண்டுவந்து கட்டிய ஃபுயெந்திடுவேன்யா தேவாலயப் பகுதி இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டுக் கட்டுமானம். 2013-இல் ஜேனட் கார்டிஃப் என்ற கனடாக் கலைஞரின் ஒலிப்படைப்பை அதற்குள் வைத்தார்கள். அவர் செய்தது மிக எளிது. 16-ஆம் நூற்றாண்டின் தாமஸ் டாலிஸ் நாற்பது தனிக் குரல்களுக்கு எழுதிய ஒரு பாடலை, குரலுக்கு ஓர் ஒலிவாங்கி வைத்துப் பதிந்து, குரலுக்கு ஓர் ஒலிபெருக்கி வைத்தார். ஆள் உயரத்தில் நாற்பது பெட்டிகள், நீள்வட்டமாக. நடுவில் நின்றால் பாட்டு மொத்தமாக வந்து சூழ்ந்துகொள்ளும். ஏதாவது ஒரு பெட்டியருகே போனால் ஒரே ஒரு மனிதர், உங்கள் காதோரம். பாட்டுக்கு முன்னே சில நிமிடங்கள் பாடகர்கள் தொண்டையைச் செருமுவதும் அரட்டை அடிப்பதும்கூட அப்படியே இருக்கும். மிச்சத்தை அந்தக் கல் கூடம் பார்த்துக்கொண்டது. சுவர் இருந்தது, வளைவு இருந்தது, அவற்றுக்கு ஏற்ற தீனியும் கிடைத்தது.

இதற்குக் காதொலிப்பான் மாட்டத் தேவையில்லை என்பதை முக்கியமாக நினைக்கிறேன். ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை மூளை கண்டுபிடிப்பது, அது ஒரு காதுக்கும் மறு காதுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து. அதிகபட்ச வித்தியாசமே ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதோடு, காது மடலின் மடிப்புகள் ஒலியைச் சற்றே மாற்றி அனுப்புவதிலிருந்து மேலா கீழா, முன்னா பின்னா என்று தெரிந்துகொள்கிறது. காதொலிப்பானில் இதையெல்லாம் கணக்குப் போட்டுப் பொய்யாக ஊட்டலாம். நீங்கள் தலையைத் திருப்பும்போது கணக்கையும் உடனுக்குடன் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் பாடகர் மண்டைக்குள் உட்கார்ந்திருப்பது போல் ஆகிவிடும். ஆனால் உங்கள் காது மடல் உங்களுடையது, என்னுடையது என்னுடையது. சராசரி மடலுக்குப் போட்ட கணக்கு எல்லாருக்கும் பொருந்துவதில்லை. அதோடு காதொலிப்பான் மாட்டியதும் கூட வந்த மனைவி மக்களிடமிருந்து துண்டிக்கப்பட்டுவிடுகிறோம். குடும்பமாகப் போய்த் தனித்தனியாகத் திரும்பி வருகிறோம்.

பெர்லின் யூத அருங்காட்சியகத்தில் ஒலிபெருக்கியே இல்லாத ஓர் ஒலியமைப்பு இருக்கிறது. மெனாஷே கதிஷ்மன் என்ற இஸ்ரேலியச் சிற்பி, கனத்த இரும்புத் தகடுகளில் வெட்டிய பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட முகங்களைத் தரையில் பரப்பியிருக்கிறார். வாய் திறந்த முகங்கள். அவற்றின் மேல் நடந்துதான் அந்த உயரமான வெற்றுக் கான்கிரீட் இடத்தைக் கடக்க வேண்டும். கால் வைத்தால் இரும்பு இரும்போடு மோதும். சுவர்கள் அதை வாங்கிப் பெரிதாக்கும். சத்தம் போடுவது நீங்கள்தான், மிதிப்பதும் நீங்கள்தான். மெதுவாக நடந்து பார்த்தாலும் சத்தத்தைத் தவிர்க்க முடியாது. இதுவரை மனிதர் செய்த அருங்காட்சியக ஒலியமைப்புகளில் இதற்குத்தான் என் முதலிடம்.

பெஞ்செவாவின் 11 விநாடியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை. சபின் தான் போட்டிருந்த உடையையே கணக்கில் சேர்த்தவர். ஆறாம் நூற்றாண்டில் ஒரு திருநாளன்று அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் நெருக்கியடித்து நின்றிருப்பார்கள். ஒவ்வொரு உடம்பும் ஒலியை விழுங்கும் மெத்தை. பலூன் பதிந்து கொடுத்தது காலியான அருங்காட்சியகத்தின் கார்வை. கூட்டம் நிறைந்த கோயிலின் கார்வை அதைவிடக் குறைவாகவே இருந்திருக்கும். இதைப் பார்வையாளருக்குச் சொல்லிவிட்டுக் கேட்கக் கொடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. 'அப்படியே அந்தக் காலத்துச் சத்தம்' என்று பலகை வைப்பதுதான் தப்பு.

ஆனால் அந்தப் பதிவின் மதிப்பு பத்தே ஆண்டில் கூடிவிட்டது. 2020 ஜூலையில் ஹாகியா சோஃபியா மறுபடி மசூதி ஆனது; தொழுகைக்காகப் பளிங்குத் தரையில் கம்பளம் விரித்தார்கள். கம்பளம் என்ன செய்யும் என்று சபினின் மெத்தைகள் ஏற்கெனவே சொல்லிவிட்டன. 2010-இன் வெறுந்தரை ஒலி இனி அந்தப் பதிவில்தான் இருக்கிறது. பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்தை 2013-இல் பிரையன் காட்ஸ் குழு அளந்து வைத்தது. யாரும் தீ விபத்தை எதிர்பார்த்துச் செய்த வேலையல்ல. 2019 ஏப்ரல் 15-இல் கூரை எரிந்தது. அடுத்த ஆண்டு போய் மறுபடி அளந்தபோது கார்வை குறைந்திருந்தது. எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சொல்ல முடிந்ததே பழைய அளவு கையில் இருந்ததால்தான்.

உங்கள் ஊரில் ஏதாவது ஒரு பழைய மண்டபமோ தேவாலயமோ பள்ளிவாசலோ பழுதுபார்ப்புக்குத் தயாராகிக்கொண்டிருக்கலாம். கல் தரைக்கு மேல் டைல்ஸ் ஒட்டுவார்கள், பொய்க்கூரை போடுவார்கள், ஏசி வைப்பார்கள். வேலை தொடங்குமுன் பொறுப்பில் இருப்பவரிடம் கேட்டுக்கொண்டு, கூட்டமில்லாத ஒரு விடியற்காலையில் போய் நான்கு பலூனை உடைத்துப் பதிந்து வையுங்கள். கைப்பேசிகூடப் போதும். எந்தத் தூணருகே உடைத்தீர்கள், எங்கே நின்று பதிந்தீர்கள் என்பதைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒலிவாங்கியைப் பலூனுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடாதீர்கள், வெடிச் சத்தத்தில் பதிவு கிழிந்துவிடும். பத்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள்.